அன்று தில்லுமுல்லு, இன்று பாரம்பரியம்!

தென் மாவட்டங்களில் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பெரிய மாடு தனி, கரிச்சான் மாடு தனி, பூஞ்சிட்டு தனி. ஓட வேண்டிய தூரமும் பிரிவுக்குப் பிரிவு மாறும். கொடி அசைவதற்கு முன்பே ஒரு சண்டை நடந்து முடிந்திருக்கும். "ஏம்ப்பா, இது பூஞ்சிட்டா? நல்லா வளர்ந்த மாட்டைக் கொண்டாந்து நிறுத்திட்டு பூஞ்சிட்டுங்கிற?" என்று ஒருவர் எகிறுவார். விழாக் கமிட்டிப் பெரியவர் வந்து மாட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். அவர் தலையாட்டினால்தான் வண்டி நகரும்.

இதே சண்டை, இதே சூட்டோடு, இங்கிலாந்திலும் இத்தாலியிலும் கோட் சூட் போட்டுக்கொண்டு நடக்கிறது. மாட்டுக்குப் பதிலாக அங்கே நிற்பது 60, 70 வயதான கார்கள்.

பழைய கார் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைத்துப் பளபளவென்று ஊர்வலம் விடுவார்களே, அது இல்லை. நிஜமான பந்தயம். இடிப்பார்கள், முந்துவார்கள், புகை கக்கிக்கொண்டு ஓரங்கட்டுவார்கள். இந்த விளையாட்டின் மிகப் பிரபலமான மேடை, தெற்கு இங்கிலாந்தில் இருக்கும் குட்வுட். இரண்டாம் உலகப்போரில் விமானத் தளமாக இருந்த இடம். (நம்ம சோழவரமும் அப்படித்தானே? போர்க்கால ஓடுதளம்தான் பின்னாளில் பந்தயத் தடம் ஆனது.) குட்வுட்டில் 1948 முதல் 1966 வரை பந்தயம் நடந்தது. பிறகு மூடிவிட்டார்கள். 1998-ல் 'ரிவைவல்' என்ற பெயரில் திரும்பத் திறந்தார்கள். அந்த 1948-66 காலகட்டத்தில் ஓடிய வகைக் கார்களுக்குத்தான் இடம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள்கூட அந்தக் காலத்து உடையில்தான் வருவார்கள்.

அங்கே கூட்டம் ஆர்ப்பரிப்பது செயின்ட் மேரீஸ் டிராஃபி என்ற பந்தயத்துக்கு. நான்கு கதவு குடும்பக் கார்கள், குட்டி மினி, எல்லாம் ஒரே நேரத்தில் தடத்தில் இருக்கும். ஒரு பக்கம் ஃபோர்டு கேலக்ஸி: அமெரிக்கக் கார், 7 லிட்டர் எஞ்சின், நீளமும் அகலமும் பார்த்தால் நம் ஊர் மினி பஸ் ஞாபகம் வரும். இன்னொரு பக்கம் மினி: எஞ்சின் ஒன்றேகால் லிட்டர்தான். நேர்ச்சாலையில் கேலக்ஸி பாய்ந்து போய்விடும். வளைவு வந்தால் மினி அதன் இடுப்புக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். அடுத்த நேர்ச்சாலையில் பழையபடி கேலக்ஸி. யானையும் அணிலும் ஓட்டப்பந்தயம் வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி!

இது நியாயமா என்று கேட்டால், அந்தக் காலத்திலேயே அதற்கு ஒரு பதில் கண்டுபிடித்திருந்தார்கள். எஞ்சின் அளவுப்படி பிரிவு. எல்லோரும் ஒன்றாக ஓடினாலும், புள்ளி அவரவர் பிரிவுக்குள்தான். 1961-ல் பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன் பட்டத்தை வென்றவர் ஜான் விட்மோர். அவர் ஓட்டியது 850 சி.சி. மினி! ஒட்டுமொத்தமாகக் கோட்டை முதலில் தாண்டியவை 3.8 லிட்டர் ஜாகுவார்கள்தான். ஆனால், விட்மோர் தன் பிரிவில் வாங்கிய முதலிடத்துக்கும் அதே மதிப்பு. பெரிய மாட்டுக்கும் பூஞ்சிட்டுக்கும் தனித்தனிப் பரிசு என்ற நம் கமிட்டிப் பெரியவரின் கணக்குதான். இதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

சிக்கல், அளவில் இல்லை. வயதில் இருக்கிறது.

பழைய கார் பந்தயங்களுக்கென்று உலக மோட்டார் கூட்டமைப்பு எஃப்.ஐ.ஏ. ஒரு தனி விதிப்புத்தகம் வைத்திருக்கிறது. 'அப்பெண்டிக்ஸ் கே' என்று பெயர். காலத்தைத் துண்டு துண்டாக வெட்டி எழுத்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பொதுவாக 1931-46 ஒரு துண்டு, 1947-61 அடுத்தது, 1962-65 இன்னொன்று, இப்படி. உங்கள் கார் எந்தத் துண்டைச் சேர்ந்ததோ, அந்தக் காலத்தில் அது எப்படி ஓடியதோ, அப்படியேதான் இன்றும் ஓட வேண்டும். அன்று டிரம் பிரேக் என்றால் இன்றும் டிரம் பிரேக். டயர்கூட பழைய அச்சில் வார்த்த பழைய வகைதான். இதையெல்லாம் சரிபார்த்து காருக்கு ஒரு பாஸ்போர்ட் தருகிறார்கள். போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி, நம்முடையதைப் போலவே.

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால், ஒரு வினோதம். அதே தடத்தில், அதே மாடல் கார்கள், தங்கள் இளமையில் ஓடியதைவிட இன்று வேகமாக ஓடுகின்றன. தாத்தாவுக்கு 70 வயதில் ஓட்டம் கூடுமா? இங்கே கூடுகிறது.

காரணம் ரகசியம் ஒன்றும் இல்லை. விதி பார்ப்பது பொருளை. அதைச் செய்யும் கையையும் கருவியையும் அது பார்ப்பதில்லை. 1962-ல் ஒரு மெக்கானிக் காதால் கேட்டு எஞ்சினைச் சீர்செய்தார். இன்று கம்ப்யூட்டர் அளக்கிறது. அன்றைய வடிவத்திலேயே, ஆனால் இன்றைய துல்லியத்தில் பிஸ்டன் கடைந்து தருகிறார்கள். எண்ணெய் மேம்பட்டுவிட்டது. பாதுகாப்புக்காகக் காருக்குள் இரும்புக் குழாய்க் கூண்டு வைக்கச் சொல்கிறார்கள். வைக்கத்தான் வேண்டும், உயிர் முக்கியம். ஆனால், அந்தக் கூண்டு காரின் உடம்பை இறுக்கிப் பிடிக்கிறது. இறுக்கமான கார், வளைவில் இன்னும் வேகமாகத் திரும்பும். உயிர் காக்க வந்தது, ஓட்டத்தையும் கூட்டிவிட்டது. எந்த நடுவர் அதை வேண்டாம் என்பார்?

ஆக, காசு உள்ளவரின் 1962 கார் வேறு, காசு இல்லாதவரின் 1962 கார் வேறு. பாஸ்போர்ட்டில் இரண்டும் ஒன்றுதான்.

இதற்கு மேல் இன்னொன்று. ஒரு பாகத்தைப் போடலாமா கூடாதா என்ற கேள்விக்கு விதிப்புத்தகம் கேட்கும் ஆதாரம் இதுதான்: 'அந்தக் காலத்தில் இந்த மாடலில் இதைப் போட்டு ஓட்டினார்களா? நிரூபி.' பழைய அனுமதிச் சான்று, பழைய பத்திரிகைப் படம், பழைய தொழிற்சாலைக் குறிப்பு என்று தேடிக் கொண்டுவர வேண்டும். அதனால் இந்த விளையாட்டில், பீரோவில் இருக்கும் ஒரு பழுப்பேறிய காகிதத்துக்குப் பத்துக் குதிரைச் சக்தியின் மதிப்பு உண்டு. பெரிய கம்பெனியின் கார் என்றால் காகிதம் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். அன்று நாலு பேர் சேர்ந்து சின்னக் கொட்டகையில் கட்டிய கார் என்றால்? அவர்கள் என்னென்ன செய்து பார்த்தார்களோ, எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அந்தக் கார் மெதுவான வடிவத்திலேயே உறைந்து நிற்கும்.

சரி, அந்தக் காகிதங்களாவது நேர்மையானவையா?

ஃபெராரி 250 ஜி.டி.ஓ. கதையைச் சொல்கிறேன். 1962-ல் ஜி.டி. பிரிவில் ஓட வேண்டுமென்றால், அந்த மாடலில் 100 கார்கள் செய்திருக்க வேண்டும் என்பது விதி. கடையில் வாங்கக்கூடிய காரோடுதான் போட்டிக்கு வர வேண்டும், பந்தயத்துக்கென்றே ஒன்றைச் செய்துகொண்டு வரக்கூடாது என்பதுதான் நோக்கம். என்ஸோ ஃபெராரி மொத்தமாகச் செய்த ஜி.டி.ஓ. எத்தனை தெரியுமா? 36. 'இது புது மாடலே இல்லை, ஏற்கெனவே அனுமதி வாங்கிய 250 ஜி.டி-யின் உடம்பை மட்டும் மாற்றியிருக்கிறோம்' என்று அவர் தரப்பில் சொன்னார்கள். எஃப்.ஐ.ஏ-வும் சரி என்றது.

ஒருவருக்கு வழி திறந்தால் அடுத்தவர் சும்மா இருப்பாரா? 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' படத்தில் மேட் டேமன் நடித்தாரே, கரோல் ஷெல்பி, அவர் கோப்ரா காருக்குக் கூரை போட்டு 'டேட்டோனா கூபே' என்று செய்தார். மொத்தம் ஆறே ஆறு கார்கள். 'இதுவும் கோப்ராதான், சட்டை மட்டும் வேறு' என்ற அதே நியாயம். 1965-ல் ஃபெராரியிடமிருந்து ஜி.டி. பட்டத்தைப் பறித்ததும் அந்த ஆறு கார்கள்தான்.

ஆனால் என்ஸோ ஃபெராரி, 1964-ல் எஞ்சின் பின்பக்கம் இருக்கும் 250 எல்.எம். காரையும் அதே வழியில் ஜி.டி. பிரிவுக்குள் நுழைக்கப் பார்த்தபோது எஃப்.ஐ.ஏ. முடியாது என்றுவிட்டது. முன்பக்க எஞ்சின் பின்பக்கம் போனதைச் 'சட்டை மாற்றம்' என்று எந்த முகத்தோடு ஒப்புக்கொள்வது? அவருக்கு வந்ததே கோபம்! இத்தாலிய உரிமத்தைத் தூக்கி எறிந்தார். அந்த ஆண்டின் கடைசி இரண்டு ஃபார்முலா 1 பந்தயங்களில் ஃபெராரி கார்கள் சிவப்பு நிறத்தில் ஓடவில்லை. அமெரிக்க அணி ஒன்றின் பெயரில், வெள்ளையும் நீலமுமாக ஓடின. ஜான் சர்டீஸ் அந்த ஆண்டு உலக சாம்பியன் ஆனதும் அந்த வெள்ளை-நீலக் காரில்தான்.

போர்ஷே வேறு ரகம். 1969-ல் 5 லிட்டர் பிரிவுக்கு 25 கார்கள் வேண்டும். அதிகாரிகள் முதலில் போய்ப் பார்த்தபோது முழுதாக முடிந்தவை சில மட்டுமே. மற்றவை பாதிப் பாதியாகவும் பாகங்களாகவும் கிடந்தன. ஏற்க மறுத்தார்கள். ஏப்ரலில் திரும்பப் போனால், தொழிற்சாலை வாசலில் 25 போர்ஷே 917 கார்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன! அலுவலகத்தில் டைப் அடிப்பவர்கள்கூட ஸ்பேனர் பிடித்துப் பூட்டிய கார்கள் அதில் உண்டு என்பது போர்ஷே வட்டாரத்தில் ரொம்பப் பிரபலமான கதை. எண்ணிக்கை சரியாக இருந்ததால் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே முதன்முறையாக வென்றது அந்த 917-ல்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தச் சாமர்த்தியங்களுக்கெல்லாம் அன்று கிடைத்த அனுமதிச் சான்றுதான் இன்று 'அசல் வடிவம்' என்பதற்கு ஆதாரம். அன்று விதியை நேர்மையாகப் படித்து, உண்மையிலேயே கடையில் விற்ற காரோடு வந்து தோற்றவர், இன்று பழைய கார் பந்தயத்துக்கு வந்தாலும் அதே காரோடுதான் வர வேண்டும். அதே காரிடம்தான் தோற்க வேண்டும். 'வரலாற்றை மாற்றக்கூடாது' என்ற ஒரு விதியால், அன்றைய ஏமாற்றமும் மாறாமல் நிற்கிறது. ஜி.டி.ஓ. ஒன்று 2018-ல் அமெரிக்காவில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் 300 கோடி ரூபாய்க்கு மேல். 100 செய்திருந்தால் இந்த விலை வந்திருக்குமா என்பது தனிக் கேள்வி!

எல்லா ஓரவஞ்சனையும் ஜெயித்தவன் பக்கமே சாய்ந்தது என்றும் சொல்ல முடியாது. 1966 மான்டே கார்லோ ராலி. அந்த ஆண்டு புது விதி: கடையில் விற்கும் நிலையிலேயே இருக்கும் கார்களுக்கு ஒரு பிரிவு, மாற்றங்கள் செய்த கார்களுக்கு வேறு பிரிவு. மாற்றம் செய்தவர்களுக்கு நேரக் கணக்கில் சுமை ஏறும். அதனால் மினி அணி சுமையில்லாத பிரிவில் இறங்கியது. பனி மலையில் முதல் மூன்று இடங்களும் மினிக்கே. டிமோ மேக்கினன், ரவுனோ ஆல்டனன், பேடி ஹாப்கிர்க்.

பிறகு சோதனை தொடங்கியது. காரைப் பிரித்து மேய்ந்தார்கள். எஞ்சினில் குறை இல்லை, கியரில் குறை இல்லை. கடைசியில் ஹெட்லைட் பல்பில் கை வைத்தார்கள். அந்த பல்பில் ஒரு இழைதான் இருக்கிறது, கடையில் விற்கும் காரில் இருப்பதுபோல ஒளியைத் தாழ்த்த முடியாது என்று தகுதி நீக்கம்! நான்காவதாக வந்த லோட்டஸ் கார்டினாவுக்கும் அதே கதி. பெண்களுக்கான கோப்பையை வென்றிருக்க வேண்டிய ரோஸ்மேரி ஸ்மித்தின் ஹில்மன் இம்ப் காருக்கும் அதே கதி. வெற்றி, சித்ரோன் ஓட்டிய பாவ்லி டோய்வோனனுக்குப் போனது. அவருக்கே அது பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு மினி திரும்பி வந்தது, ஆல்டனன் வென்றார். ஆனாலும் 1966-ன் பதிவேட்டில் சித்ரோன்தான் இருக்கிறது. வேகத்துக்கும் பல்புக்கும் சம்பந்தமே இல்லை என்பது பல்பைக் கழற்றியவருக்கும் தெரிந்திருக்கும். எழுத்துப்படி பார்த்தால் விதி மீறல்தான். என்னைக் கேட்டால், 36 காரை 100 என்று ஒப்புக்கொண்ட அதே உலகத்தில் ஒரு பல்புக்கு இவ்வளவு கறாரா என்ற எரிச்சல்தான் வருகிறது.

இன்றைக்கு வருவோம். ஜாகுவார் கம்பெனி 1963-ல் எடை குறைந்த அலுமினிய உடம்போடு 18 இ-டைப் பந்தயக் கார்கள் செய்யத் திட்டமிட்டது. 12 மட்டுமே முடிந்தன. மீதி ஆறு எண்கள் ஏட்டில் காலியாகக் கிடந்தன. 2014-ல் கம்பெனிக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது! விட்டுப்போன ஆறையும் அதே பழைய வரிசை எண்களில், அதே வடிவத்தில் செய்து தருகிறோம் என்று அறிவித்தார்கள். விலை ஒவ்வொன்றும் 10 லட்சம் பவுண்டுக்கு மேல். பழைய கார் பந்தயத்தில் ஓட்டலாம் என்பதும் விற்பனைக்கான காரணங்களில் ஒன்று.

இந்தக் காருக்கு வயது என்ன? 1963-ல் பிறந்ததா, 2014-ல் பிறந்ததா?

எஃப்.ஐ.ஏ. பாஸ்போர்ட் இந்தக் கேள்விக்குள் போவதில்லை. கார் அந்தக் காலத்து வடிவத்துக்குப் பொருந்துகிறதா என்று மட்டும்தான் அது சொல்லும். இது அசல் என்றோ, இதன் வரலாறு உண்மை என்றோ அது உத்தரவாதம் தராது. சட்டப்படி அது புத்திசாலித்தனம். ஆனால் தடத்தில் என்ன நடக்கிறது? அசல் காரின் சொந்தக்காரர் ஒவ்வொரு வளைவிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறார். அவர் காரின் தகரத்தில் 60 வருடச் சரித்திரம் இருக்கிறது. நசுங்கினால் அந்தத் தகரம் திரும்பக் கிடைக்காது. பக்கத்தில் புதிதாகச் செய்த கார்க்காரர் முழு அழுத்தம் கொடுக்கிறார். இடித்தால் இன்னொரு கதவு செய்துகொள்ளலாம். அசலாக இருப்பதே அசலுக்குப் பாரம்! பாட்டியின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ஓட்டப்பந்தயத்துக்கு வந்தவரையும், ட்ராக் சூட்டில் அதே டிசைனை அச்சடித்துக்கொண்டு வந்தவரையும் ஒரே கோட்டில் நிறுத்துவது போலத்தான்.

என் கட்சி இதில் தெளிவு. நகலை விரட்டச் சொல்லவில்லை. நகல் இல்லாவிட்டால் பல பந்தயங்களில் ஐந்தாறு கார்கூடத் தேறாது. ஆனால், முடிவுப் பட்டியலில் அசல் எது, பின்னாளில் செய்தது எது என்று தனித்தனியாகப் போடுங்கள். அசலுக்கென்று ஒரு பரிசு வையுங்கள். 1961-ல் மினிக்குச் செய்யத் தெரிந்ததை இதற்கும் செய்யலாமே?

இத்தாலியின் மில்லே மிலியா வேறு பாதையில் போனது. 1927 முதல் 1957 வரை பொதுச் சாலையில் ஆயிரம் மைல் பறந்த பந்தயம் அது. இன்று நடப்பதில் வேகத்துக்குப் பரிசு இல்லை. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்தில், நூறில் ஒரு வினாடி பிசகாமல் கடக்க வேண்டும். காரின் வயதுக்கும் வகைக்கும் ஏற்ப வாங்கிய புள்ளியை ஒரு எண்ணால் பெருக்குவார்கள். வயதான காருக்குப் பெரிய எண். முதியோருக்குச் சலுகை, நல்ல எண்ணம்தான். விளைவு? ஜெயிக்க நினைப்பவர்கள் எல்லாம் போருக்கு முந்தைய கார்களைத் தேடிப் போகிறார்கள். அண்மை ஆண்டுகளில் திரும்பத் திரும்ப முதலிடம் வந்தது ஆல்ஃபா ரோமியோ 6சி வகைதான். 1950-களின் அழகான கார்கள் அங்கே ஊர்வலத்துக்கு வந்தவைபோல ஆகிவிடுகின்றன.

ஓட்டுபவர் யார் என்பதும் இருக்கிறது. சொந்தக் காரை ஆசைக்கு ஓட்டும் பல் டாக்டரும், லீ மானில் ஓட்டிய தொழில்முறை வீரரும் ஒரே தடத்தில். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் சில தொடர்களில் இதற்கு ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். தொழில்முறை வீரர் இருக்கும் கார், ஆள் மாற நிற்கும்போது கூடுதல் வினாடிகள் நின்றுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வீரர் கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பல் டாக்டர் தாண்டிப் போவார். எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். யாருடைய காரையும் பிரிக்கவில்லை, காகிதம் தேடவில்லை.

குட்வுட்டில் எந்த விதிப்புத்தகத்தையும்விடப் பெரிய விதி ஒன்று உண்டு. அங்கே விண்ணப்பம் போட்டு யாரும் ஓட முடியாது. அழைப்பு வந்தால்தான். அந்தத் தடமும் நிலமும் ரிச்மண்ட் பிரபுவின் குடும்பச் சொத்து. கார் ரொம்ப வேகமாக இருந்து பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளித்தாலோ, ஓட்டியவர் முரட்டுத்தனம் காட்டினாலோ, யாரும் தண்டனை விதிக்க வேண்டியதில்லை. அடுத்த வருடம் கடிதம் வராமல் இருந்தால் போதும். எந்தக் காரணத்துக்காக வரவில்லை என்று அதில் எழுதியிருக்காது, கடிதமே இல்லையே! மேல்முறையீடு செய்யவும் இடம் கிடையாது.